எங்கள் தெருவின் நிழல்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரத்தின் மையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம், இருபது நிமிடம்தான். பெரிய சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது, கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் இடம் மாறியது தெரிந்துவிடும். வெயிலின் காந்தல் சட்டென்று இறங்கும். ஹாரன் சத்தம் பின்னால் போய், அணில் கத்துவது காதில் விழும். வசதியானவர்கள் வாழும் பகுதி இது. நானும் இங்கே 22 வருடங்களாகக் குடியிருக்கிறேன். இந்தத் தெருவின் பெருமை பெரிய வீடுகள் என்றுதான் வெளியில் நினைப்பார்கள். எனக்கென்னவோ, இந்த மரங்களை எடுத்துவிட்டால் இங்கே மிஞ்சுவது உயரமான மதில்கள் மட்டும்தான்.

தார்ச்சாலையும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, இரவில் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. அதனால்தான் நகரத்தில் சூரியன் மறைந்த பிறகும் புழுக்கம் அடங்குவதில்லை. இருநூறு வருடங்களுக்கு முன்பே, லூக் ஹோவர்ட் என்பவர் லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள கிராமப்புறத்திலும் வெப்பத்தை அளந்து பார்த்தார். இரவு நேரத்தில் நகரம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாக இருந்தது. மரம் இதை இரண்டு விதமாகத் தடுக்கிறது. வெயில் தரையில் விழாமல் குடை பிடிப்பது ஒன்று. வேர் உறிஞ்சும் நீரை இலை வழியாக ஆவியாக்குவது இன்னொன்று. அப்படி ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. தெருமுனையில் நம் முகத்தில் படுகிற குளிர்ச்சி அதுதான்.

இந்தச் சுகத்துக்கு நான் காசு கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொடுத்தேன், நிலத்துக்குக் கொடுத்தேன். வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ நட்டது. நட்டவர் இதன் முழு நிழலில் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

மரம் நிறைந்த குடியிருப்பு என்றால் பணக்காரர்களுக்கானது என்று நாம் இன்று இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆரம்பத்தில் எல்லா இடத்திலும் அப்படி நினைக்கவில்லை. லண்டனில் ஹென்ரியேட்டா பார்னெட் என்ற பெண்மணி, நெரிசலான வைட்சேப்பல் பகுதியில் ஏழைகளிடையே பல வருடங்கள் பணி செய்தவர். 1907இல் அவர் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரை உருவாக்கினார். ஏக்கருக்குச் சராசரியாக 8 வீடுகள்தான். அகலமான சாலைகள், இருபுறமும் மரங்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மதில் கிடையாது, செடிவேலி. தோப்புகளும் பூங்காக்களும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். எல்லா வருமானக்காரர்களும் அங்கே சேர்ந்து வாழ வேண்டும் என்பதும் அவருடைய திட்டம். அதே வருடம் பக்கத்திலேயே சுரங்க ரயிலும் வந்தது. நகரத்துக்கு எளிதில் போகலாம், வீடு திரும்பினால் பசுமை. இப்படி ஓர் இடத்தை யார்தான் விரும்பமாட்டார்கள்? விலை ஏறிக்கொண்டே போனது. இன்று லண்டனின் விலையுயர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. இந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து என் தெருவை என்னால் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா நகரத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார். பேருந்து நிறுத்தத்திலிருந்து அவர் வீடு வரை ஒரு மரம்கூட இல்லை. கோடையில் ராத்திரி பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைக்க முடியாது என்று ஒருமுறை சொன்னார். பகலில் எங்கள் தெருவைக் குளுமையாக வைத்திருக்க உழைப்பவர்கள், தோட்டம் பார்ப்பவர், காவலுக்கு நிற்பவர், எல்லோரும் சாயங்காலம் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் திரும்புகிறார்கள். நகரக் காடுகளைப் பற்றி ஆராயும் கொனைனன்டைக் என்ற அறிஞர் 3, 30, 300 என்று ஓர் அளவு சொல்கிறார். ஒவ்வொரு வீட்டிலிருந்து பார்த்தாலும் 3 மரங்களாவது தெரிய வேண்டும். குடியிருப்பின் பரப்பில் 30 சதவீதம் மரநிழல் இருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பசுமையான பொது இடம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் பதினாறு மரங்கள் தெரிகின்றன. அந்த அம்மாவின் வீட்டிலிருந்து ஒன்றும் தெரியாது.

சரி, எங்களிடம் இருப்பதையாவது ஒழுங்காகக் காப்பாற்றுகிறோமா என்றால், அதுவும் இல்லை. போன வருடம் பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்தார்கள். நிலத்தடியில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று குழி தோண்டியபோது, மதிலோரம் நின்ற பெரிய மரத்தின் வேர்கள் ஒரு பக்கம் முழுக்க அறுந்து போயின. ஆணிவேர் ஆழமாக எங்கேயோ போகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள், கிளைகளையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. அவற்றை அறுத்தால் மரம் உடனே சாகாது. மெதுவாகச் சாகும். எட்டு மாதம் கழித்து ஒரு காற்று மழையில் அது சாய்ந்தது. அந்த இடத்தில் கன்று நட்டிருக்கிறார்கள், இடுப்பளவு உயரம். பழைய நிழல் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

மரங்களை வெட்டுகிறவர்கள் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்று அடிமரம் வரை சிமென்ட் பூசுகிறோம். வேருக்குக் காற்றும் போகாது, மழைநீரும் இறங்காது. இந்த வாரம் எங்கள் தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து அந்தச் சிமென்டை உடைத்து, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி மண் தெரியும்படி விடப் போகிறோம். அப்புறம் இன்னொன்று. இந்த மழைக்காலத்தில் எங்கள் பகுதிக்கு ஒதுக்கிய மரக்கன்றுகளை, அந்த அம்மாவின் பேருந்து நிறுத்தம் இருக்கும் சாலையில் நடச் சொல்லி, குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் கடிதம் கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் எங்களுடையது.

நன்றி, வணக்கம்.