கருவிழிக்கும் ஒரு பூட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ரேஷன் கடையில் கைரேகை விழாதவர்களிடம் இப்போது கருவிழிக் கருவியை நீட்டுகிறார்கள். சிமெண்டிலும் சேற்றிலும் உழைத்து ரேகை தேய்ந்தவர்களுக்கு இது பெரிய உதவி.

அந்தக் கருவி கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையைப் படிப்பதில்லை. கண்ணின் நடுவிலுள்ள கரும்புள்ளியான பாப்பாவைச் சுற்றியுள்ள வண்ண வளையத்தைத்தான் படமெடுக்கிறது. நம்முடைய அடர் பழுப்புக் கண்ணில் அந்த வளையத்தின் வரிகள் சாதாரண வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியாது. 700 முதல் 900 நானோமீட்டர் வரையான அகச்சிவப்பு ஒளியில் பளிச்சென்று தெரியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டாக்மன் வகுத்த முறையில் அந்த வரிகள் 2048 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட குறியீடாகின்றன. இருவேறு கண்களின் குறியீடுகளில் ஏறக்குறையப் பாதி பிட்டுகள் மாறுபடும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மாறுபட்டால் அதே கண் என்று கணினி ஏற்கும். ஒரே ஆளின் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட ஒத்துப்போகாது.

படம் சரியாக விழ, கண்ணாடியைக் கழற்றுங்கள். வெயில் முகத்தில் படாமல் திரும்பி நில்லுங்கள். இமை பாதி மூடினாலும், தலை அசைந்தாலும் படம் கெடும். கண்புரை அறுவைக்குப் பின் பாப்பாவின் வடிவம் மாறியிருந்தால் பழைய பதிவு பொருந்தாமல் போகலாம். ஆதார் மையத்தில் புதிதாகப் பதியுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றலாம். கண்ணை எப்படி மாற்றுவது? 2017இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பு, கேமராவின் இரவு முறையில் எடுத்த கண் படத்தை லேசர் பிரிண்டரில் அச்சடித்து, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்து, சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனின் கருவிழிப் பூட்டைத் திறந்து காட்டியது. ஆதாரின் கருவிழித் தரவை எவரிடமும் பகிரக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு. ஆனால் அலுவலக வருகைப்பதிவுக்கென்று தனியாகக் கண்ணைப் படமெடுத்தால், அது எங்கே சேமிக்கப்படுகிறது, வேலையை விட்டதும் அழிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தயங்க வேண்டாம்.

ஆதாருக்கு ஒரு பூட்டு இருக்கிறது. இணையதளத்திலோ எம்-ஆதார் செயலியிலோ ஓடிபி கொடுத்து 'பயோமெட்ரிக் லாக்' போட்டால் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய நிலையில் யாராவது முயன்றால் 330 என்ற பிழை எண் வரும். ரேஷன் கடைக்குப் போகும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். எப்போது, எந்த முறையில் உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். மாதம் ஒருமுறை பாருங்கள். நீங்கள் செய்யாத பதிவு ஒன்று கண்ணில் பட்டால் உடனே பூட்டைப் போட்டுவிட்டு 1947க்கு அழையுங்கள்.