ராணுவ பேண்டில் கிளாரினெட்

அவையோருக்கு வணக்கம்.

திருச்சிக்காரர்களிடம் கிளாரினெட் என்று சொன்னால் ஏ.கே.சி. நடராஜன் அவர்களைத்தான் முதலில் நினைப்பார்கள். 2008ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது வரைக்கும் அந்தக் கருவியைக் கொண்டுபோனவர் அவர். ராணுவ பேண்டில் நான் வாசித்ததும் அதே கருவிதான். ஆனால் அவருடைய வாசிப்பில் எதைக் கேட்டு நீங்கள் தலையாட்டுகிறீர்களோ, அதை நாங்கள் அங்கே செய்தால் பேண்டு மாஸ்டரிடம் வசவுதான் கிடைக்கும். சுரத்தை அசைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில்கூட, முன்கூட்டியே பேசி வைத்திருந்தாலொழிய, நாமும் வாங்கக் கூடாது. தனியாகக் காதில் விழாமல் வாசிப்பதற்கு எத்தனை சாதகம் வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மேற்கத்திய வாத்தியக் குழுவில் வயலின்கள் செய்யும் வேலையைப் படைப் பேண்டில் செய்வது கிளாரினெட் வரிசை. முதல், இரண்டாம், மூன்றாம் பகுதி என்று பி ஃபிளாட் சுருதிக் கிளாரினெட்டுகள் பிரிந்து நிற்கும். உச்சத்தில் சிறிய இ ஃபிளாட் கிளாரினெட் ஒன்றும், சில பேண்டுகளில் அடியில் பாஸ் கிளாரினெட் ஒன்றும் சேர்ந்துகொள்ளும். வீதியோரம் நின்று கேட்பவர் டிரம்பெட்டையும் டிரம்மையும் மட்டுமே கேட்டதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார். கிளாரினெட் வரிசையை எடுத்துவிட்டு அதே மார்ச்சை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பித்தளையின் சத்தம் இருக்கும், பாட்டின் சதை இருக்காது.

ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்ற இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய அவமானம் காரணம் என்பார்கள். 1854இல், கிரிமியப் போரின்போது துருக்கியின் ஸ்கூட்டாரியில் நடந்த அணிவகுப்பில், பிரிட்டிஷ் பேண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து தங்கள் நாட்டுப்பண்ணை வாசிக்கப் போக, ஒவ்வொன்றும் வேறு வேறு சுருதியில் தொடங்கியதாம். அதன் பிறகே, 1857இல், லண்டனுக்கு அருகே நெல்லர் ஹாலில் படை இசைக்கென்று ஒரு பள்ளி ஏற்பட்டது. விடுதலைக்குப் பின் நம் நாட்டுக்கும் அப்படி ஓர் இடம் தேவைப்பட்டது; ஜெனரல் கரியப்பா தலைமைத் தளபதியாக இருந்த 1950ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் ராணுவ இசைப் பிரிவு தொடங்கப்பட்டது. எந்த ரெஜிமெண்டிலிருந்து வந்தாலும் அங்கே ஒரே ஸ்டாஃப் நொட்டேஷன் என்ற மேற்கத்திய இசைக்குறிப்பு, ஒரே முறைதான்.

இனி, கருவியோடு நாங்கள் படும் பாட்டைச் சொல்கிறேன். நாகசுரத்தின் சீவாளியில் இரண்டு நாக்கு உண்டு. கிளாரினெட்டுக்கு நாணலில் செதுக்கிய ஒற்றை ரீட் மட்டுமே. அதன் நுனி காகிதம் போல மெல்லியது. தொப்பியின் விளிம்பு பட்டாலும் பிய்ந்துவிடும். இப்படி ஒரு பொருளை வாயில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் நிமிடத்துக்கு 120 அடி வைத்து நடக்கிறோம். மவுத்பீஸின் மேல் பல் பதிந்திருப்பதால், குதிகால் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நேராகப் பல்லுக்கு வரும், சுரமும் நடுங்கும். எனவே பரேடு மைதானத்தில் படைவீரனுக்குக் கற்றுத்தரும் நடை வேறு, பேண்டுக்காரன் தனக்குத் தானே பழகிக்கொள்ளும் நடை வேறு. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

ஜனவரி 29ஆம் தேதி மாலை, டில்லி விஜய் சவுக்கில் முப்படைகளின் பேண்டுகளும் திரளும் பீட்டிங் ரிட்ரீட் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் குளிரில் கிளாரினெட்டின் சுருதி இறங்கிவிடும். சுருதி ஏறினால் மவுத்பீஸுக்குக் கீழே உள்ள ‘பேரல்’ என்ற குட்டைக் குழாயைச் சற்று வெளியே இழுத்துச் சரிசெய்யலாம். இறங்கினால் உள்ளே தள்ள ஒரு கட்டத்துக்கு மேல் இடமே இல்லை. குளிர்ந்து கிடக்கும் கருங்காலி போன்ற ஆப்பிரிக்க மரத்துக்குள் சூடான மூச்சை ஊதினால் மரம் வெடித்துவிடலாம் என்பதால், வெளியே வாசிக்க எபோனைட் என்ற கடின ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கருவியே நல்லது. மரக் கருவி அரங்கக் கச்சேரிக்கு. டிரம்பெட்காரர் கையுறை போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கோ திறந்த துளைகளை விரலின் சதையே மூட வேண்டும். துளி இடைவெளி விட்டாலும் கருவி கீச்சென்று கத்தும்.

அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 50 மீட்டர் இருந்தால், முன்னே எழுந்த ஒலி பின்னே வந்து சேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருப்பதே அரை நொடிதான். காதில் விழுவதைக் கேட்டு வாசித்தால் பின்வரிசை நிச்சயம் பிந்திப்போகும். அதனால் பேண்டின் முன்னே நடந்து வழிநடத்தும் டிரம் மேஜரின் கோலையும் முன்னால் செல்பவரின் இடது காலையும் பார்த்து, காதை ஓரளவு மூடிவைத்துத்தான் வாசிக்க வேண்டும். ஓர் இசைக்கலைஞனிடம் இதைவிடக் கொடுமையாக எதைக் கேட்டுவிட முடியும்? கடைசியில் ‘சாரே ஜஹான் ஸே அச்சா’ வாசித்தபடியே ரைசினா குன்றின் ஏற்றத்தில் திரும்பிப் போக வேண்டும். ஏறுவதற்கும் ஊதுவதற்கும் இருப்பது ஒரே மூச்சு.

பேண்டுக்காரன் என்றால் சண்டையில்லாத சிப்பாய் என்று சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. போர்க்காலத்தில் கருவியை வைத்துவிட்டுக் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரும் வேலை பேண்டுக்காரர்களுடையது. அதற்கான முதலுதவிப் பயிற்சியும் எங்களுக்கு உண்டு. வீரமரணம் அடைந்தவரின் இறுதி ஊர்வலத்தில் மெதுநடையில் வாசிக்கும்போது, பின்னால் வரும் அந்தக் குடும்பத்தினர் எங்கள் பார்வையில் படமாட்டார்கள். அழுகை மட்டும் கேட்கும். உதடு தளர்ந்தால் ரீட் நிற்காது. அதைத் தாங்கும் வழியை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மாணவர்கள் சிலர் சேரும் வழியைக் கேட்டிருந்தீர்கள். விமானப்படையும் கடற்படையும் இப்போது அக்னிவீர் முறையில் இசைக்கலைஞர்களை எடுக்கின்றன. நான்கு ஆண்டுப் பணி, அதன்பின் ஒரு தொகுதியில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே தொடரும் வாய்ப்பு. ஒரு கிளாரினெட் வரிசை ஒரே குரலாகப் பழகுவதற்கு நான்கு ஆண்டு போதாது என்பது என் கருத்து. அதை உரிய இடத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் விண்ணப்பியுங்கள். தேர்வில் வாசித்துக் காட்டச் சொல்வார்கள், சுருதி சேர்க்கச் சொல்வார்கள், நொட்டேஷன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் கருவியை 120இல் வைத்துக்கொண்டு, மொட்டை மாடியில் நடந்தபடியே ஆரோகண அவரோகணம் வாசித்துப் பழகுங்கள். திரும்பும் இடத்தில் சுரம் உடைகிறதா என்று வேறொருவரை நின்று கேட்கச் சொல்லுங்கள்.