பக்கவாத்தியம் யாருன்னு போட்டிருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். ஜாஸ்ங்கற அமெரிக்க சங்கீதத்தோட ரெக்கார்டு சேக்கறத பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. வீட்டுல சொன்னதும் முதல்ல வந்த கேள்வி, பத்து நிமிஷத்துல நீங்க எப்படி முடிப்பீங்கன்னு தான். பாப்போம். பழைய எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, அப்புறம் பாக்ஸ் செட், அதாவது ஒரே பெட்டில பல சிடி, கடைசியா டவுன்லோடு, மூணையும் தொட்டுடணும்னு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்.

ஜாஸ்லாம் நமக்கெதுக்குன்னு ரேடியோவ அணைச்சுடாதீங்க. சபா கச்சேரி நோட்டீஸ் பாத்திருப்பீங்க இல்லையா, பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார்னு போட்டிருக்கும். எங்க மாமா ஒருத்தர் பாடறவர் பேரையே பாக்க மாட்டார், நேரா மிருதங்கம் யாருன்னு பாத்துட்டு தான் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவார். எனக்கு ஜாஸ்ல அதே வியாதி, பேஸ் வாசிக்கறவங்க மேல. டபுள் பேஸ்னா ஆள் உயரத்துக்கு நிக்கும், வயலினோட பெரியப்பா மாதிரி, ஆனா ஜாஸ்ல அத பெரும்பாலும் வில்லு போடாம விரலால சுண்டி தான் வாசிப்பாங்க. காதுக்கு தனியா தெரியாது, ஆனா அது நின்னுச்சுன்னா மொத்த பாட்டும் தரைல உக்காந்துடும்.

இது எனக்கு ஒட்டிக்கிட்டதே ரேடியோவால தான். ஷார்ட்வேவ்ல வாய்ஸ் ஆஃப் அமெரிக்கான்னு திருப்புவோம், ராத்திரி கரகரன்னு ஒரு குரல் வரும், வில்லிஸ் கானோவர்னு ஒருத்தர். 1955லேர்ந்து ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினவர். இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்களுக்கும் புரியணும்னு ஒவ்வொரு வார்த்தையா நிதானமா பேசுவார், பாட்டு முடிஞ்சதும் டிரம்பெட் இன்னார், பியானோ இன்னார், பேஸ் இன்னார்னு சொல்லுவார் பாருங்க, அந்த பேருங்கள நான் நோட்டுல தப்புந் தவறுமா எழுதி வச்சிருக்கேன், இப்பவும் இருக்கு. வேடிக்கை என்னன்னா உலகம் பூரா இவருக்கு ரசிகருங்க, அமெரிக்காவுக்குள்ள மட்டும் அவ்வளவா யாருக்கும் தெரியாது, ஏன்னா வெளிநாட்டுக்குன்னு அரசாங்கம் தயாரிச்சத உள்ள ஒலிபரப்பக்கூடாதுன்னு அங்க அப்ப சட்டம்.

சரி, எல்பிக்கு வரேன். நான் முதல்ல காசு குடுத்து வாங்கினது டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ, 1959ல நியூயார்க்ல கொலம்பியா கம்பெனி ஸ்டூடியோல பதிவானது. செகண்ட் ஹேண்ட் தான், அட்டை ஓரமெல்லாம் நைஞ்சு, யாரோ பால்பாயிண்ட்ல விலை போட்டு அடிச்சு திரும்ப போட்டிருந்தாங்க. பின் அட்டைல பியானோ வாசிச்ச பில் எவன்ஸே எழுதின ஒரு சின்ன கட்டுரை, கீழ பேருங்க. பேஸ், பால் சேம்பர்ஸ். முதல் பாட்டு ஸோ வாட்ல மெட்டையே அவர் தான் வாசிக்கறார், பேஸ் ஒரு கேள்வி கேக்கும், மத்தவங்கள்லாம் சேந்து ரெண்டே ரெண்டு அடில பதில் சொல்லுவாங்க. பேஸுக்கு அப்படி ஒரு மரியாதைய நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

இதுல ஒரு கதை இருக்கு, சொல்லியே ஆகணும். என் சிநேகிதன் ஒருத்தன் ஆர்மோனியம் வச்சிருந்தான். ரெக்கார்ட போட்டுட்டு கூடவே வாசிச்சுப் பாப்பான். முதல் பக்கம் சேரவே சேராது. சுருதி ரெண்டு கட்டைக்கும் நடுவுல எங்கயோ நிக்கும். ரெக்கார்ட திருப்பி ரெண்டாவது பக்கம் போட்டா ஒழுங்கா சேரும்! நாங்க டர்ன்டேபிள் மேல பழிய போட்டு பெல்ட்ட மாத்தி, தட்ட துடைச்சு, கடைசில ஆர்மோனியத்தையே சந்தேகப்பட்டோம். ரொம்ப வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சது. மார்ச் 2ஆம் தேதி முதல் பக்கத்து மூணு பாட்டையும் பதிவு பண்ணப்ப டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா ஓடின டேப்ப சரியான வேகத்துல போட்டா என்ன ஆகும், பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். ஏப்ரல் 22ல ரெண்டாவது பக்கம் பதிவு பண்றப்ப அந்த தொந்தரவு இல்ல. மார்ச் 2 அன்னிக்கு கூடவே ஓடின இன்னொரு மெஷின்ல சரியான வேகத்துல டேப் இருந்திருக்கு, அத எடுத்து சரி பண்ணி வெளியிட்டது 1992ல. முப்பத்திமூணு வருஷம்! அத்தன வருஷமா உலகம் பூரா கத்துக்குட்டிங்க சுருதி சேராம முழிச்சிருக்காங்க. என் சிநேகிதன் காது சரி, அவன் ஆர்மோனியமும் சரி. அவன்கிட்ட போன் பண்ணி சொன்னேன், ஆர்மோனியத்த வித்து இருபது வருஷம் ஆச்சுடான்னான்.

அதனால தான் ஒரே ஆல்பத்த மூணு தடவ வாங்கறவங்கள பாத்து சிரிக்காதீங்கன்னு சொல்றேன். இது எங்க வீட்டுல கேட்டுட்டிருக்கறவங்களுக்கும் சேத்து.

பால் சேம்பர்ஸ விட்டுட்டேன். பேர புடிச்சுட்டே போனா அடுத்த ரெக்கார்டு தானா கிடைக்கும், சேக்கறதுன்னா எனக்கு அவ்வளவு தான். சேம்பர்ஸ் பேர புடிச்சு போனா சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனோட ப்ளூ டிரெயின், அங்கேர்ந்து ஜயண்ட் ஸ்டெப்ஸ், அதுல மிஸ்டர் பி.சி.ன்னு ஒரு பாட்டே இருக்கு, பி.சி.ன்னா நம்ம சேம்பர்ஸ் தான், அவருக்காக கோல்ட்ரேன் மெட்டு போட்டது. சேம்பர்ஸ் 1969ல காசநோய்ல போயிட்டார், வயசு 33.

இப்ப பாக்ஸ் செட். நல்லதும் உண்டு, கிறுக்கும் உண்டு. கிறுக்குக்கு ஒண்ணு, டீன் பெனடெட்டின்னு ஒரு சாக்ஸபோன்காரர், இன்னொரு சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் மேல பைத்தியம். 1947, 48ல பார்க்கர் வாசிச்ச கிளப்புக்கெல்லாம் மெஷின தூக்கிட்டு போயி பதிவு பண்ணினார், ஆனா பார்க்கர் தனியா வாசிக்கற சோலோ மட்டும்! அவர் நிறுத்தினதும் இவர் மெஷின நிறுத்திடுவார். பாடகர் நிரவல் முடிச்சதும் வயலின் வர்றதுக்குள்ள டேப்ப அணைச்சா எப்படி இருக்கும், அப்படி. 1990ல மொசைக்னு ஒரு கம்பெனி அத்தனையும் ஏழு சிடியா போட்டாங்க. என்கிட்ட இருக்கு. பொக்கிஷம் தான், இல்லன்னு சொல்லல, ஆனா கேக்கறப்பல்லாம் எனக்கு ஆத்திரமா வரும், அந்த பியானோக்காரன் அடுத்து என்னய்யா வாசிச்சான்?

நல்ல பாக்ஸ் செட்டுக்கு பில் எவன்ஸ். பாருங்க, அந்த முதல் எல்பி பின் அட்டைலயே இருந்த பேரு தான். நியூயார்க்ல வில்லேஜ் வேன்கார்டுன்னு படி இறங்கி போற ஒரு கிளப். 1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. மத்தியானம் ரெண்டு செட், அதாவது ரெண்டு சுத்து வாசிப்பு, ராத்திரி மூணு செட், அஞ்சையும் ரெக்கார்டு பண்ணினாங்க. பியானோ எவன்ஸ், டிரம்ஸ் பால் மோஷன், பேஸ் ஸ்காட் லஃபாரோ. லஃபாரோ பின்னாடி நின்னு தாங்கிட்டு இருக்கற ஆள் இல்ல, பியானோவோட சரிக்கு சரி பேசுவார், நம்ம வயலின் பாட்டு கூடவே போயிட்டு சட்டுனு ஒரு பிடிய எதிர்ல போடும் பாருங்க, அது மாதிரி. பதினோரு நாள் கழிச்சு, ஜூலை 6, கார் விபத்துல போயிட்டார். வயசு 25. எவன்ஸ் அப்புறம் மாசக்கணக்கா மேடை பக்கமே வரல.

இதுலேர்ந்து முதல்ல ஒரு எல்பி, அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு, பொறுக்கி எடுத்த பாட்டுங்க. 2005ல அந்த நாள் முழுசையும் வரிசைப்படி மூணு சிடியா போட்டாங்க. முதல் பாட்டு லஃபாரோ போட்டது, குளோரியாஸ் ஸ்டெப், நடுவுல கரண்ட் மக்கர் பண்ணி ரெக்கார்டிங் அறுந்துடுது, அதையும் அப்படியே வச்சிருக்காங்க. பின்னாடி கிளாஸ் சத்தம், யாரோ ஒரு அம்மா சிரிக்கறாங்க, ஒரு மேஜைல அரட்டை நிக்கவே இல்ல. எல்பில கேட்டப்ப அந்த அரட்டை எரிச்சலா இருந்தது. வரிசையா மத்தியானத்துலேர்ந்து ராத்திரி வரைக்கும் கேட்டப்ப, என்னவோ தெரியல, அவங்க மேல கோவம் வரல. அவங்களுக்கு என்ன தெரியும். சாயங்காலம் ஒரு கிளப்புக்கு வந்தாங்க, குடிச்சாங்க, பேசினாங்க, போயிட்டாங்க.

ஆனா எல்லா பாக்ஸும் அப்படி இல்ல. ஒரே பாட்ட திரும்பத் திரும்ப வாசிச்சு பதிவு பண்ணின நாலு டேக், அதுல ரெண்டு அரை நிமிஷத்துல அறுந்து போனது, அடுத்தடுத்து வச்சா மனுஷன் எப்படி கேப்பான். போதாக்குறைக்கு ஒரு கடைலேர்ந்து வந்த எட்டு சிடி பாக்ஸ்ல மூணாவது சிடி ரெண்டு தடவ இருந்துச்சு, நாலாவத காணோம், ஆறு ஈமெயில் போட்டும் இன்னிக்கு வரைக்கும் காணோம், அத விடுங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு விரல் காட்டறார். ரெண்டு நிமிஷம். டவுன்லோடு பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!

சுருக்கமா சொல்லிடறேன். டவுன்லோடுல நல்லது, இடம் அடைக்காது, வீட்டுல சண்டை வராது. குறை ஒண்ணே ஒண்ணு, நோட்டீஸ் இல்லாத கச்சேரி அது. நான் காசு குடுத்து இறக்கின ஃபைல்ல ஆர்ட்டிஸ்ட்னு ஒரே பேரு, ஜானர் ஜாஸ், முடிஞ்சுது. பேஸ் யாரு, டிரம்ஸ் யாரு, எந்த வருஷம், ஒண்ணும் கிடையாது. நான் என்ன பண்றேன்னா ஒவ்வொரு ஃபைலா திறந்து, கமெண்ட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல பழைய அட்டைய பக்கத்துல வச்சுட்டு பேருங்கள டைப் பண்றேன். தினம் ஒரு ஆல்பம், காப்பி குடிக்கற நேரத்துல. இதுல ஒரு சின்ன டிரிக் கூட சொல்லலாம்னு இருந்தேன்... சரி, ஒரு விரல் காட்டறார்.

கடைசியா இது மட்டும். வில்லேஜ் வேன்கார்டுல அன்னிக்கு ராத்திரி கடைசி செட்ல ஜேட் விஷன்ஸ்னு ஒரு பாட்டு, அதுவும் லஃபாரோ போட்டது தான். ரெண்டு தடவ வாசிச்சாங்க. ரெண்டாவது டேக்க தேடி, வீடு அடங்கினப்புறம் ஹெட்போன் மாட்டி கேளுங்க. பேஸ், ஸ்காட் லஃபாரோ. ல-ஃபா-ரோ. போன்ல பெரும்பாலும் போட்டிருக்காது, எழுதி வச்சுக்கங்க. வணக்கம்.