தாவலுக்கு உச்சவரம்பு இல்லை, கலைக்கு உண்டு

நண்பர்களே,

பனித்தளத்தில் சறுக்கி ஆடும் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பேச்செடுத்தாலே தாவல் பெரிதா, நளினம் பெரிதா என்ற வழக்கு வந்துவிடுகிறது. கடினமான தாவலுக்கு நான் எதிரி இல்லை. 1992 ஆல்பர்வில் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மிடோரி இட்டோ ட்ரிபிள் ஆக்சலில் விழுந்தார். எழுந்து ஆடினார். கால் ஓய்ந்துபோகும் பிற்பகுதியில் மறுபடி துணிந்து, அதே தாவலைச் செய்து முடித்தார். முன்முகமாகப் புறப்பட்டு மூன்றரைச் சுற்று! ஒலிம்பிக்கில் ஒரு பெண் அதைச் செய்தது அதுவே முதல் முறை. அதில் கலை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

என் வழக்கு புள்ளிக் கணக்கோடு.

பின்முகமாகப் புறப்பட்டு மூன்று சுற்று சுற்றும் ட்ரிபிள் லட்ஸ் தாவலுக்கு அடிப்படை மதிப்பு 5.90. அதையே நான்கு சுற்றாகச் சுற்றினால் 11.50. ஒரே தாவலில் 5.60 புள்ளி கூடுகிறது. இப்போது மறுபக்கமான கலையைப் பாருங்கள். நடன அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். போட்டியின் இரண்டு ஆட்டங்களில் நீளமானதான ஃப்ரீ ஸ்கேட்டில் அதை 2.67ஆல் பெருக்குவார்கள். அந்த ஒற்றைத் தாவலின் லாபத்தை ஈடுகட்ட, ஒரு வீராங்கனை ஒரு பிரிவில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் உயர வேண்டும். ஏற்கெனவே ஒன்பது வாங்குகிறவர் எங்கே போவார்? மூன்று பிரிவிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் 80 புள்ளியோடு கதவு மூடிக்கொள்ளும். தாவல் பக்கம் அப்படி ஒரு கதவே இல்லை.

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் தாவலுக்கும் கலைக்கும் நடுவே இந்த இடைவெளி இவ்வளவு இல்லை. ஜப்பானின் மாவோ அசாடா இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து மூன்று ட்ரிபிள் ஆக்சல் தாவினார். தென் கொரியாவின் யூனா கிம் ஒன்றுகூடத் தாவவில்லை. ஆனால் கிம்மின் லட்ஸ், வந்த வேகம் குறையாமல் எழுந்து, இசையின் ஓட்டத்தோடு இறங்கியது. கிம் 228.56, அசாடா 205.50. தரம் ஜெயித்தது.

பிறகு குவாட், அதாவது நான்கு சுற்றுத் தாவல், வந்தது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் அலெக்சாண்ட்ரா ட்ருசோவா ஒரே ஆட்டத்தில் ஐந்து குவாட் தாவி, ஃப்ரீ ஸ்கேட்டில் முதலிடம் பிடித்தார். முதலில் வரும் குறுகிய ஆட்டமான ஷார்ட் புரோகிராமில் பின்தங்கியிருந்ததால்தான் தங்கம் சக ரஷ்ய வீராங்கனை அன்னா ஷெர்பகோவாவுக்குப் போனது. குவாட்டும் ட்ரிபிள் ஆக்சலும் இல்லாத ஜப்பானின் காவோரி சகமோட்டோ வெண்கலம் வென்றார். ஆனால் தங்கத்துக்கும் அவருக்கும் நடுவே 22 புள்ளிக்கு மேல். அவர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு உந்தலில் தளத்தின் பாதியைக் கடந்துவிடுவார். அந்த வேகத்துக்குப் புள்ளிப் பட்டியலில் தனி வரி கிடையாது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. ஒரு விநாடிக்குள் நான்கு சுற்று முடிய வேண்டுமென்றால் உடல் ஒடுங்கியிருக்க வேண்டும். இடுப்பும் தோளும் விரிவதற்கு முந்தைய வயது அதற்கு வாகு. அதனால்தான் சிறுமிகள் வந்தார்கள், அதே வேகத்தில் காணாமலும் போனார்கள். 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 15இலிருந்து 17ஆக உயர்த்த முடிவெடுத்ததை நான் மனதார வரவேற்றேன். பதினாறு வயதில் ஓய்வு அறிவித்த அமெரிக்காவின் அலிசா லியூ திரும்பி வந்து, 2025இல் பாஸ்டனில் உலக சாம்பியன் ஆனாரே, அந்த ஆட்டத்தில் தெரிந்த சுதந்திரம் பதினைந்து வயதில் வராது.

விதியை மாற்ற முடியாது என்பவர்களுக்கு அமெரிக்க வீராங்கனை ஜேனட் லின்னை நினைவூட்டுகிறேன். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஃப்ரீ ஸ்கேட்டிங்கில் அவரே சிறந்தவர், ஆனாலும் வெண்கலம்தான். பனியில் வட்டம் வரையும் கட்டாயப் பிரிவு அன்று அவ்வளவு கனத்தது. அந்தக் கனத்தைக் குறைக்க, அடுத்த ஆண்டே ஷார்ட் புரோகிராம் வந்தது. 1990க்குப் பின் வட்டங்களே போட்டியிலிருந்து நீங்கின.

நான் கேட்பது இரண்டு. கலைப் பிரிவுகளின் பெருக்கெண்ணைக் கூட்டுங்கள். தாவலை மதிப்பிடும் நடுவரிடமே வெளிப்பாட்டின் மதிப்பெண்ணையும் கொடுக்காதீர்கள். ஐந்து குவாட்டைக் கண்ட கண், அடுத்த கணமே கை அசைவை நடுநிலையோடு பார்க்கும் என்று எதிர்பார்ப்பது நடுவருக்கும் நியாயமில்லை, ஆடுகிறவருக்கும் நியாயமில்லை.