வாதம், பித்தம், கபம்: ஆய்வகம் எதை அளக்கிறது?

வணக்கம். "உடம்புல பித்தம் ஏறிடுச்சு" என்று சொல்கிறோம். ரத்தப் பரிசோதனை அறிக்கையிலோ வாதம், கபம் என்று எந்த வரியும் இருக்காது. அப்படியானால் ஆயுர்வேதம் பேசும் சமநிலைதான் என்ன?

உடலைத் தாங்கும் கூறுகளான தாதுக்களைச் சமநிலையில் வைப்பதே இந்த நூலின் பயன் என்கிறது ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை. அசைவுக்கு வாதம், செரிமானத்துக்கும் சூட்டுக்கும் பித்தம், உடலின் கட்டுக்கும் ஈரப்பசைக்கும் கபம். மூன்றில் எது கூடினாலும் குறைந்தாலும் நோய்.

[திரையில்: ஏறி இறங்கும் ரத்தச் சர்க்கரைக் கோடு]

நவீன உடலியலிலும் சமநிலைதான் அடிப்படை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கிளாட் பெர்னார்ட் தொடங்கிவைத்த சிந்தனைக்கு, 1926இல் அமெரிக்கர் வால்டர் கேனன் 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர் வைத்தார். சாப்பிட்டதும் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து இறக்குகிறது. ரொம்பவும் இறங்கினால் கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளுக்ககான் வந்து, கல்லீரலில் இருக்கும் கையிருப்பை வெளியே எடுக்கிறது. ரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவிலேயே நிற்கிறது. எந்த உறுப்பு, எந்த ஹார்மோன், எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டலாம்.

உடனே சிலர், வாதம் என்றால் நரம்பு மண்டலம், பித்தம் என்றால் வளர்சிதை மாற்றம் என்று ஜோடி சேர்த்துவிடுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு: பிரகிருதி. ஆளுக்கு ஆள் உடல்வாகு பிறவியிலேயே வேறு என்கிறது ஆயுர்வேதம். இதைச் சோதிக்கலாம், சோதித்தும் இருக்கிறார்கள். 2008இல் டெல்லியின் மரபணு ஆய்வு நிறுவனமான ஐஜிஐபி ஆய்வாளர்கள், வாதம், பித்தம், கபம் என்ற மூன்று வகைகளில் ஏதேனும் ஒன்றில் தெளிவாக அடங்கும் ஆரோக்கியமானவர்களை ஒப்பிட்டு, மரபணுச் செயல்பாட்டிலும் ரத்த அளவீடுகளிலும் வேறுபாடுகள் கண்டார்கள். 2015இல் ஹைதராபாத்தின் உயிரியல் ஆய்வு மையமான சிசிஎம்பியின் குழு, 262 ஆண்களின் மரபணுத் தரவுகளில், சர்க்கரையை ஆற்றலாக்கும் பாதையில் உள்ள பிஜிஎம்1 மரபணுவுக்கும் பித்தப் பிரகிருதிக்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது.

சரி, நிரூபணம் ஆகிவிட்டதா? இல்லை. ஆட்கள் குறைவு, அதிலும் இரண்டாவது ஆய்வில் எல்லாரும் ஆண்கள். ஒரே ஆளைப் பார்க்கும் இரண்டு வைத்தியர்கள் ஒரே பிரகிருதியைச் சொல்வார்கள் என்ற உறுதியும் இல்லை. அப்புறம், மரபணுவில் வேறுபாடு இருப்பதாலேயே மருந்து வேலை செய்யும் என்று ஆகிவிடாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்: ஒரே நோய் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிரகிருதி பார்த்தும் மறுபாதிக்குப் பார்க்காமலும் சிகிச்சை கொடுத்து, யாருக்குக் கூடுதலாகக் குணமாகிறது என்று எண்ணிப் பார்ப்பது.