வண்டியைத் தாழ்த்துமுன் ஷாக்கைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் செட்டிபாளையம் பக்கம், கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிற வழியில், சின்னதாக ஒரு சஸ்பென்ஷன் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ரேஸ் டிராக் பக்கத்தில் கடை இருப்பதாலோ என்னவோ, வாரத்துக்கு இரண்டு பையன்களாவது ஒரே கேள்வியோடு வருவார்கள். "அண்ணா, லோயரிங் ஸ்பிரிங் வாங்கிட்டேன். பழைய ஷாக்கே போதுமுங்களா?"

லோயரிங் ஸ்பிரிங் என்பது வண்டியைத் தாழ்த்துவதற்கான குட்டை ஸ்பிரிங். 'வாங்கிட்டேன்' என்கிற சொல்லில்தான் சிக்கல். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது என்று ஊரில் சொல்வார்கள். ஸ்பிரிங்கும் ஷாக்கும் அப்படித்தான். ஸ்பிரிங் பலசாலி, ஆனால் தானாக நிற்கத் தெரியாது. அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். எங்கள் தொழிலில் 'ஷாக்கப்சர்' என்று சேர்த்தே சொல்லிவிடுவோம். இன்றைக்கு அந்த அங்குசத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நிறையப் பேர் நினைப்பது போல வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை. எடை முழுக்க ஸ்பிரிங் மேல்தான். ஷாக்குக்குள் இருப்பது எண்ணெயும், பொடி ஓட்டைகள் போட்ட ஒரு பிஸ்டனும். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த ஓட்டை வழியாகத் திணறிக்கொண்டு போகிறது. அந்தத் திணறலில் ஆட்டம் சூடாக மாறி, காற்றோடு போய்விடுகிறது. கரடுமுரடான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

லோயரிங் ஸ்பிரிங் வண்டியை 30, 40 மில்லிமீட்டர் இறக்கும். கூடவே விறைப்பும் கொஞ்சம் ஏறும். ஒரு கணக்குக்கு விறைப்பு 30 சதவீதம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி அடக்கி வைக்க ஷாக்கின் பிடி எவ்வளவு கூட வேண்டும்? வர்க்கமூலக் கணக்குப்படி சுமார் 14 சதவீதம்தான். இதைக் கேட்டதும், "அப்போ பழைய ஷாக்கே சமாளிச்சுக்குமே" என்பார்கள். புது வண்டியாக இருந்து, இறக்கமும் கொஞ்சமாக இருந்தால் பிடியைப் பொறுத்தவரை சமாளிக்கும். உதைக்கிற இடம் வேறு. நீளத்தில்தான் உதைக்கிறது.

ஷாக்கின் தண்டு மேலும் கீழும் போய்வர ஒரு அளவு உண்டு. கம்பெனி அதைப் பங்கு போட்டுத்தான் வைத்திருக்கும். மேலே போக இவ்வளவு, கீழே தொங்க இவ்வளவு என்று. மேலே போக 80 மில்லிமீட்டர் இருந்த வண்டியை 40 இறக்கினால், பாதி வழியை நிற்கும்போதே தின்றுவிட்டோம். மிச்சமுள்ள பாதியில் அதே குழியின் அடியை வாங்க வேண்டும். ஸ்பிரிங் மட்டுமே அதைச் செய்யவேண்டுமென்றால் விறைப்பு நாலு மடங்கு வேண்டும். நம்மிடம் கூடியிருப்பது 30 சதவீதம். மிச்ச அடி எங்கே போகும்? பம்ப் ஸ்டாப்புக்குப் போகும். ஷாக் தண்டின் மேல்பக்கம் நுரை போல ஒரு மஞ்சள் அல்லது கருப்புத் துண்டு இருக்குமே, அதுதான். ஷாக் கடைசி வரை அமுங்கி இரும்போடு இரும்பு இடிக்காமல் தடுப்பது அது.

தாழ்த்திய வண்டியை ஓட்டிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குங்கண்ணா, சும்மா ரேஸ் கார் கணக்கா" என்று பூரித்துப் போகிறவர்கள் உண்டு. பல நேரம் அது ஸ்பிரிங்கின் விறைப்பே இல்லை. வண்டி பம்ப் ஸ்டாப் மேல் உட்கார்ந்து ஓடுகிறது, அவ்வளவுதான். ரேஸ் காரில் வேலை செய்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், வளைவில் பாதியில் பம்ப் ஸ்டாப் தட்டினால் வண்டியின் அந்தப் பக்கம், முன்னோ பின்னோ, சட்டென்று விறைத்து, டயர் பிடியை விட்டுவிடும்.

போன வருஷம் ஒரு பையன் ஃபோக்ஸ்வேகன் போலோ கொண்டுவந்தான். லோயரிங் ஸ்பிரிங் ஏற்கனவே மாட்டியிருந்தது. ஷாக்கும் புதுசு, நல்ல கம்பெனி, அசல் சரக்கு. இருந்தும் பின்பக்கம் ஏதோ 'டொக்'கென்று தட்டுகிறது என்றான். லிஃப்டில் ஏற்றினேன். பின்சக்கரம் தொங்கியது. ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பினேன், குடத்து மூடி மாதிரி சுற்றியது. அந்த வண்டியில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை நிறுத்திவைப்பது ஷாக்கின் நீளம். ஸ்பிரிங் குட்டை, ஷாக் பழைய நீளம். சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகுகிறது. வேகத்தடையைத் தாண்டி வண்டி எம்பும்போது விலகி, இறங்கும்போது திரும்ப உட்கார்கிறது. அந்தச் சத்தம்தான். ஒரு நாள் சரியாக உட்காராமல் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குச் சொல்லவில்லை, அவனே ஊகித்துக்கொண்டான்.

அவன் வாங்கியிருந்தது ஒரிஜினல் நீளத்துக்கான மாடல். இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கும். ஜெர்மனியின் பில்ஸ்டீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு மாற்று. பி6 பிடி கூடினது, ஆனால் நீளம் ஒரிஜினல் போலவே. பி8 என்பது தாழ்த்திய வண்டிக்கென்றே குட்டையாகச் செய்தது. பெட்டி பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்து வாங்கினால் போலோக்காரன் கதைதான். எந்தக் கம்பெனியானாலும் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த ஷாக் எத்தனை மில்லிமீட்டர் இறக்கத்துக்கு? பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

பில்ஸ்டீன் பேச்சு வந்ததால் ஒன்று. ஒற்றைக் குழாய்க்குள் எண்ணெயையும் அழுத்தம் ஏற்றிய வாயுவையும் பிரித்து அடைக்கிற முறையை யோசித்தவர் பிரான்ஸ் நாட்டு தெ கார்போன். 1957-ல் அதை பில்ஸ்டீன் மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டுவந்தது. இதுதான் மோனோ டியூப். எண்ணெய் நுரைத்துப் போகாது, சூடு சீக்கிரம் வெளியே போகும். அதற்காக, குழாய்க்குள் குழாய் வைத்த ட்வின் டியூப் மட்டம் என்று அர்த்தமில்லை. ஆபீஸுக்கும் ஊருக்கும் ஓடுகிற வண்டிக்கு நல்ல ட்வின் டியூபே தாராளம்.

என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் என் வண்டியில், 70,000 கிலோமீட்டர் ஓடிய ஷாக்கோடு குட்டை ஸ்பிரிங்கை மாட்டினேன். எண்ணெய் கசிவு ஒன்றுமில்லை, போதும் என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் இரண்டு முன் ஷாக்கும் எண்ணெய் கசிந்து அழுதுவிட்டன. அத்தனை வருஷம் தண்டின் ஒரே பகுதியில் ஓடிப் பழகிய, எண்ணெயை அடைக்கிற சீல், இப்போது தண்டின் மேலே வேறொரு பகுதியில் ஓட வேண்டியிருந்தது. அதற்கு மேல் பம்ப் ஸ்டாப் இடி. ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டைத் திரும்பக் கழற்றி, ஸ்பிரிங்கைத் திரும்ப அமுக்கி, அலைன்மென்ட்டைத் திரும்பப் பார்த்து, கூலி இரட்டிப்பு. பழசாகிவிட்ட ஷாக் என்றால் ஸ்பிரிங்கோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், மேல் மவுண்ட்டும் பேரிங்கும் உட்பட.

அடுத்தது, திருகி மாற்றுகிற ஷாக். நெதர்லாந்தின் கோனி மஞ்சள் ஷாக் இதில் பேர் போனது. அதில் மாறுவது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப விரிகிற வேகம். நம் ஆட்கள் வாங்கிய அன்றே கடைசி வரை திருகிவிடுவார்கள். அப்புறம் ஹைவேயில் ஊர் எல்லைக்கு முன்னால் வெள்ளைக் கோடாக ஆறேழு வரிசை தடிப்புப் போட்டிருப்பார்களே, அதில் ஏறுவார்கள். முதல் தடிப்பில் சக்கரம் மேலே போகும். ரீபவுண்ட் இறுக்கமாக இருப்பதால் முழுசாகக் கீழே வருமுன் இரண்டாவது தடிப்பு. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டே போய், ஆறாவதில் 'தட்' என்று பம்ப் ஸ்டாப். ஏற்கனவே தாழ்ந்த வண்டியை ஷாக்கே இன்னும் தாழ்த்துகிறது. மென்மையான முனையிலிருந்து தொடங்குங்கள். வேகத்தடை தாண்டியபின் வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். மறுபடி ஆடினால் கால் சுற்று கூட்டுங்கள்.

வேகத்தடை என்றதும், இந்தியன் ரோடு காங்கிரஸ் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகிற திசையில் 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டத் தோதானது. நம் தெருவில் இருப்பது ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிய தார். அதை மனதில் வைத்து நம்மூருக்கு 25, மிஞ்சினால் 30 மில்லிமீட்டர் இறக்கத்துக்கு மேல் நான் மாட்டித் தருவதில்லை. இதனால் போன வாடிக்கையாளர்களும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. வாரன்டியையும் இன்ஷூரன்ஸையும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மாட்டும் இடத்தில் மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ்க் கையான லோயர் ஆர்மில், ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி நாலு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால், இறக்கியபின் அந்த ரப்பர் எந்நேரமும் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட். அதை விட்டால் டயர் உள்பக்கம் மட்டும் வழித்துப் போகும்.

போலோக்காரனுக்குக் குட்டை ஷாக்கும், ஸ்பிரிங் கம்பெனி சொன்ன அளவுக்கு வெட்டிய பம்ப் ஸ்டாப்பும் போட்டேன். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அடியோடு தள்ளிவிட்டு, "இரண்டு வாரம் எப்பவும் போல ஓட்டு, வீட்டு ஆட்களை ஏற்றி ஓட்டு" என்று அனுப்பினேன். சக்கரம் எவ்வளவு மேலே போனதோ அவ்வளவு அந்த டை நகர்ந்து நிற்கும். செலவு ஒரு ரூபாய், பொய் சொல்லாது.

இரண்டு வாரம் கழித்து அவன் அம்மாவோடு வந்தான். டை, பம்ப் ஸ்டாப்பைத் தொட ஒரு விரல்கடை இருக்கும்போது நின்றிருந்தது. அவனுக்கு அப்படிச் சந்தோஷம். பின்சீட்டிலிருந்து இறங்கிய அந்த அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்: "ஏனுங் தம்பி, வண்டி எப்பவும் போலத்தான போகுது. இத்தனை காசு வாங்கி என்னதான் மாத்துனீங்க?"