மாடியில் இன்னும் இருக்கிறார்கள்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு மாங்காவைப் பற்றிப் பேசப்போகிறேன். கடைசியில் 'ய்' கிடையாது, ஊறுகாய் போட முடியாது, ஜப்பானியப் படக்கதை. படக்கதையைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டவர்களின் துணிச்சலைச் சொல்ல வேண்டும், ஒரு படத்தைக்கூட என்னால் உங்களுக்குக் காட்ட முடியாதே.

யோஷிஹாரு த்சுகே என்று ஒருவர். 1937இல் டோக்கியோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார், ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது, முலாம் பூசும் பட்டறையில் வேலை. நாலு பேருக்கு முன்னால் முகம் சிவந்துவிடுமோ என்று பயம் வேறு. அறைக்குள் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் படம் வரைய வந்தவர். 1964இல் தொடங்கிய 'காரோ' என்ற பத்திரிகையில் அவர் எழுதிய சிறுகதைகள்தான் என் பைத்தியம். கனடாவில் ஒரு பதிப்பகம் 2020இலிருந்து அவற்றை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட ஆரம்பித்தது, அப்படித்தான் எனக்குக் கிடைத்தன. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பது தெரியாமல் முதல் கதையை இடமிருந்து படித்தேன். நாலு பக்கம் போன பிறகுதான் தப்பே தெரிந்தது. வேறு யார் கதையாக இருந்தாலும் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

1967இல் வந்த ஒரு கதையைச் சொல்கிறேன். நாட்டுப்புறத்தில் பாழடைந்த ஒரு வீட்டை ஒருவன் வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறான். லீ என்று ஒரு மனிதர் வருகிறார், பறவைகளோடு பேசத் தெரிந்தவர். பேச்சுவாக்கில் மனைவி, பிள்ளைகளோடு மாடியில் குடியேறிவிடுகிறார். சண்டை இல்லை, பெரிய சம்பவம் எதுவும் இல்லை, எண்ணெய்ப் பீப்பாயில் வெந்நீர் வைத்துக் குளிக்கிறார்கள், அவ்வளவுதான். கடைசியில், இந்த விசித்திரக் குடும்பம் அப்புறம் எங்கே போயிற்று தெரியுமா என்று கேட்டு த்சுகே நம்மை ஒரு பெருமூச்சுக்குத் தயார்படுத்துகிறார். அடுத்த கட்டத்தில் பதில்: உண்மையில் இன்னும் மாடியில்தான் இருக்கிறார்கள். ஜன்னலில் குடும்பமே நின்று நம்மைப் பார்க்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், ராத்திரி படுத்த பிறகு கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அடுத்தது 'நெஜிஷிகி', 1968. இதை எங்கே போனாலும் சொல்லுவேன், வீட்டில் யாரும் இப்போது கேட்பதில்லை. ஒரு பையன் கடலிலிருந்து கரையேறுகிறான். ஜெல்லிமீன் கடித்து இடது கை ரத்தக்குழாய் அறுந்துவிட்டது, வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மீனவக் குப்பத்தில் டாக்டரைத் தேடி அலைகிறான். டாக்டர் எங்கே, டாக்டர் எங்கே என்று கேட்கிறான், யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. ஒரு தெருவுக்குள் நுழைகிறான், அங்கே வரிசையாகக் கண் டாக்டர் பலகைகள், பலகைக்குப் பலகை ஒரு பெரிய கண். கைக்கு வைத்தியம் பார்க்க வந்தவனுக்கு ஊர் முழுக்கக் கண் டாக்டர்!

அந்த ஜெல்லிமீனுக்கு 'மெமெ' என்று பெயர். அப்படி ஒரு ஜெல்லிமீன் உலகத்திலேயே கிடையாது. நாம் ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பாமல் மூன்று புள்ளி வைப்போமே, அந்த மாதிரி அவர் 'ஏதோ ஒரு ஜெல்லிமீன்' என்பதற்கு இரண்டு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார். ஜப்பானிய எழுத்தில் 'மெ' கிட்டத்தட்டப் பெருக்கல் குறி மாதிரியேதான் இருக்கும். அச்சுக் கோப்பவர் 'மெமெ' என்று கோத்துவிட்டார். சாதாரண அச்சுப்பிழை. ஆனால் ஜப்பானிய மொழியில் 'மெ' என்றால் கண்! கண் கண் ஜெல்லிமீன் கடித்தவன் கண் டாக்டர் தெருவில் அலைகிறான். யோசித்து யோசித்து வைத்தாலும் இப்படி அமையாது. த்சுகேயும் அதை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார். இன்றைக்கும் அது 'மெமெ'தான்.

சரி, அந்தப் பையன் ரயில் ஏறுகிறான், நரிமுகமூடி போட்ட சின்னப் பிள்ளை ஓட்டுகிற ரயில். அது அவனைக் கிளம்பின ஊருக்கே திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. இந்த இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது, அதே வருஷம் புல்லட் ரயிலும் வந்தது, நாடே முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் மட்டும் மலையடிவார விடுதி, மீனவக் குப்பம், மலிவான சத்திரம் என்று பின்னால் போய்க்கொண்டிருந்தார். ஓலைக்கூரையையும் மரப்பலகையையும் கோடு கோடாக இழைத்து வரைவார், ஆள் முகத்துக்கு மட்டும் நாலு கோடு. அதில் ஏக்கம் இருக்கிறது, நிஜம்தான். ஆனால் அந்த ஏக்கத்தை அவரே நம்புவதில்லை. இன்னொரு கதையில் ஏழ்மையான சத்திரங்கள் என்றால் உயிர் என்கிற ஒருவன் நிஜமாகவே ஏழ்மையான ஒரு சத்திரத்தில் போய் மாட்டிக்கொள்கிறான். இவ்வளவு யதார்த்தம் நமக்கு ஆகாது என்று நெளிகிறான். பழைய காலத்தை நினைத்து உருகுகிறவர்களில் தன்னையே கேலி செய்துகொள்கிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்தக் கதையில்தான். நானும் பழைய வீடு, பழைய கிணறு என்று உருகுகிற ஆள், அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொன்னால் ஓடிவிடுவேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷமாம். கல் விற்கிறவன் ஒருவனைப் பற்றிய அவர் கதையைத்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். 1985, 86இல் எழுதியது. வேலை இல்லாத ஒரு படக்கதைக்காரன் தாமா ஆற்றங்கரையில் கடை போட்டுக் கல் விற்கிறான். எங்கே பொறுக்கிய கல்? அதே ஆற்றங்கரையில் பொறுக்கியது. வாங்க வருகிறவன் குனிந்தால் காலடியிலேயே கிடக்கிறது. மனைவி திட்டுகிறாள், மகன் அழைத்துப்போக வருகிறான், இவன் பொழுது போகிறவரை உட்கார்ந்தே இருக்கிறான். 1987க்குப் பிறகு த்சுகே படக்கதையே வெளியிடவில்லை, அது ஏன் என்று சொல்ல வேண்டும், ஆனால்... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.